யாழ்ப்பாணத்தில் குழி தோண்டிய வாரம்

ஞாயிறு – ஆனையிறவு தாண்டி

பரந்தனைக் கடந்ததும் பஸ்ஸின் இடதுபக்க யன்னல்களை ஒவ்வொருவராக மூடினார்கள். சோளகக் காற்று தூக்கி வரும் புழுதியில் உப்பும் கலந்திருக்கிறது, உதட்டை நக்கினால் தெரியும். ஆனையிறவில் தண்ணீர் நடுவே ஒதுங்கிப் போய்விட்டது. இரண்டு கரையிலும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பக்கத்து இருக்கை ஐயா, "மாரியிலை வந்து பாரும் தம்பி, உது முழுக்கத் தண்ணி" என்றார். மாரியில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் வந்த வேலையே இந்தக் கோடையில் பார்ப்பதுதான்.

வேலை இதுதான். வலிகாமத்தில் புவியியல் படிப்பிக்கும் மாஸ்ரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய ஊரில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. கார்த்திகையில் நிரம்பி மாசி, பங்குனியில் வற்றிவிடும். வற்றியபின் வேலிகள் மெல்ல மெல்ல உள்ளே நகர்கின்றன. "தண்ணி நிக்கேக்கை ஒருத்தரும் வேலி போட வரமாட்டினம். ஆனி ஆடியிலைதான் வருவினம்" என்று தொலைபேசியில் சொன்னார். தண்ணீர் இல்லாத நாளில் குளம் எதுவரை என்று மண்ணை வைத்துச் சொல்ல முடியுமா என்பது அவருடைய கேள்வி. முடியும், ஆனால் யாழ்ப்பாணத்து மண்ணில் சில சிக்கல்கள் உண்டு, முதலில் நாலு இடம் சுற்றிப் பார்ப்போம் என்றேன்.

இப்படி எல்லை பிரிக்கும் முறையை ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டு இராணுவப் பொறியியல் படை 1987இல் வெளியிட்ட கைந்நூல் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது: நீரை விரும்பும் செடிகள், நீர் தங்கியதன் தடயம், நீரில் ஊறி மாறிய மண். மூன்றும் இருந்தால் ஈரநிலம். இந்த முறைப்படி ஆனையிறவின் செடியில்லாத உப்பு வெளி 'ஈரநிலம்' என்ற பெயருக்குள் வராது, ஏனென்றால் அவர்களுடைய வரையறைக்குச் செடி கட்டாயம் வேண்டும். 1971இல் ஈரானில் கையெழுத்தான ராம்சார் உடன்படிக்கையோ வற்று நேரத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட கடலோரத்தையும் நெல்வயலையும்கூட உள்ளே சேர்த்துக்கொள்கிறது. இலங்கை அதில் 1990இல் சேர்ந்தது. என் மனம் ராம்சார் பக்கம்தான். ஆனால் வேலியடியில் நின்று 'இதுவரை' என்று கம்பு நட வேண்டுமென்றால் அமெரிக்கர்களின் குழி தோண்டும் முறைதான் கைகொடுக்கும்.

திங்கள் – கோண்டாவில், பிறகு அளவெட்டி

நனையாத மண் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நனைந்த மண்ணைத் தேடக் கூடாது. அதனால் முதல் குழி கோண்டாவில் செம்மண்ணில். வெங்காயம் கிண்டி எடுத்த தோட்டம். தோட்டக்கார ஐயா அலவாங்கும் மண்வெட்டியும் தந்துவிட்டு, "மாஸ்ரர், என்ன, காணி அளக்கிறியளோ?" என்றார். நிறம் பார்க்கிறோம் என்று மாஸ்ரர் சொன்னதும் சிரித்துவிட்டார். "சிவப்பு. உதுக்கு ஏன் புத்தகம்?"

புத்தகம் என்றது மன்செல் நிற அட்டையை. அல்பேர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறங்களுக்கு எண் கொடுக்க ஒரு வழி கண்டார். அதை மண்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று பகுதி: எந்தச் சாயல், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு. அட்டையின் பக்கங்களில் சின்னச் சின்ன நிறத்துண்டுகள், அவற்றின் அருகே துளைகள். மண்ணைத் துளைக்குப் பின்னால் பிடித்து ஒப்பிட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். வெயில் நேரடியாக விழ வேண்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் பார்த்தால் எல்லா மண்ணும் கொஞ்சம் சிவப்பாகத்தான் தெரியும்.

ஐயாவின் மண் 2.5 ஒய்.ஆர் என்ற மஞ்சள்-சிவப்புச் சாயல் பக்கத்தில் செறிவு 6இல் நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. இடுப்பளவு தோண்டியும் மாற்றம் இல்லை, அதற்குக் கீழே முருகைக்கல் வந்துவிட்டது. இந்த மண்ணில் விழும் மழை நிற்காது, சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். குடாநாட்டின் கிணறுகளுக்கு அதுதான் முதல். ஆறில்லாத ஊரில் நல்ல தண்ணீர் எல்லாம் மழையாக விழுந்து, நிலத்துக்குள் போய், உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்பதுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலிகாமம் முழுவதற்கும் கீழே அதே கதைதான். அதனால்தான் ஒரு சின்னக் குளத்தின் ஓரம் சில அடி போவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குப் பின் அளவெட்டிப் பக்கம் ஒரு பள்ளக் காணி. மாரியில் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா உறுதியாகச் சொன்னார். தோண்டினால் மண் சிவப்பும் கபிலமுமாகத்தான் இருக்கிறது. சாம்பல் நிறம் இல்லை. கைந்நூலை மட்டும் நம்பினால் இது ஈரநிலம் இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மேட்டுச் செம்மண் காலங்காலமாக அடித்துவந்து படிந்த இடம் இது. இரும்பு ஒட்சைட்டு இவ்வளவு நிறைந்த மண் எளிதில் நிறம் விடாது. போதாததற்குச் சுண்ணாம்பு. காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு கரைவதற்கு இன்னும் கடுமையான ஒட்சிசன் பஞ்சம் வேண்டும். அமெரிக்கர்களே இவற்றைத் 'தொல்லை மண்கள்' என்று தனியாக ஒதுக்கி எச்சரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஓர் அத்தியாயம், வலிகாமத்துக்கு அது அரைவாசி ஊர்.

என்ன செய்வது? உற்றுப் பார்த்ததில் ஓரடி ஆழத்தில் மிளகளவு கறுப்புக் குறுணிகள் இருந்தன, நகத்தால் நசுக்கினால் பொடியாகும். மங்கனீசும் இரும்பும் சேர்ந்து திரண்டவை. நீர் ஏறி இறங்கும் இடத்தில் இவை வரும். தனியே இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் பேச்சையும் பள்ளத்தின் அமைப்பையும் சேர்த்தால் சொல்லலாம்.

செவ்வாய் – அராலி

இன்றுதான் மாஸ்ரர் முகம் மலர்ந்தது.

வழுக்கையாறு என்று சொன்னாலும் மாரியில் மட்டும் ஓடும் வெள்ள வழிதான் அது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து நீரைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வயல்களூடே வந்து அராலியில் கடனீரேரியைத் தொடுகிறது. வாயில் தடுப்பணை. உள்ளே நன்னீரை நிறுத்தவும் வெளியே உவர்நீரைத் தடுக்கவும். இப்போது வாய்க்கால் அடியில் மாடு மேய்கிறது.

அணைக்கு உட்புறம் ஒரு மானாவாரி வயல். தை மாதம் வெட்டிய நெல்லின் தாள் காய்ந்து நிற்கிறது, வெடிப்புகளுக்குள் விரலை விடலாம். மேல்மண் கல்லாக இருந்ததால் அலவாங்கால் குத்தித்தான் தொடங்க முடிந்தது. ஒரு சாண் கீழே போனதும் மண்வெட்டி இறங்கியது. அங்கிருந்து கையளவு கட்டி ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தோம். வெட்டிய முகத்தைப் பார்க்கக் கூடாது, மண்வெட்டி அலகு அதைப் பூசி மெழுகிவிடும். தானாக உடைந்த முகம்தான் வேண்டும்.

உள்ளே மண் சாம்பல் நிறம். நனைத்துப் பார்த்தால் 10 ஒய்.ஆர் 5/1, அதாவது வெளிச்சம் 5, செறிவு 1. செறிவு 1 என்றால் நிறமே இல்லாத அளவு. அந்தச் சாம்பலின் நடுவே நூல் கனத்தில் ஓட்டைகள், நெல்வேர் போன வழிகள். ஒவ்வொரு ஓட்டையின் சுவரிலும் செம்மஞ்சள் துரு. ஈர்க்கால் ஒரு ஓட்டையைக் கீறிப் பிளந்தேன். துரு உள்சுவரில் அடர்த்தி, வெளியே போகப் போக மங்கி, அரை மில்லிமீட்டரில் சாம்பலோடு கலந்துவிடுகிறது. மாஸ்ரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என் உருப்பெருக்கும் வில்லையை வாங்கிக்கொண்டார். நெடுநேரம் திருப்பித் தரவில்லை.

நடந்தது இதுதான். மண்ணில் தண்ணீர் நிறைந்ததும் காற்று உள்ளே போவது நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஒட்சிசனை நுண்ணுயிர்கள் சில நாளில் முடித்துவிடும், நமது சூட்டில் இன்னும் வேகமாக. மூச்சுக்கு ஒட்சிசன் கிடைக்காத பக்டீரியாக்கள் அடுத்ததைத் தேடும்: முதலில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு. துருவாக இருக்கும் இரும்பு அப்போது கரையும் வடிவத்துக்கு மாறி நீரோடு நகரும். அது உரிந்து போன இடத்தில் மணலும் களியும் தங்கள் சொந்த நிறத்தில், அதாவது சாம்பலில், தெரியும். நகர்ந்த இரும்பு எங்கே கொஞ்சம் ஒட்சிசனைக் கண்டாலும் அங்கே மறுபடி துருவாகப் படியும். நெல்வேர் தன் தண்டு வழியாக மேலிருந்து காற்றை இறக்கும் பயிர், அதன் வேர் ஓட்டையில்தான் அந்த ஒட்சிசன் கசியும். ஆகவே சாம்பல் மண்ணும் வேர்வழியில் துருவும் சேர்ந்து இருந்தால், வேர் உயிரோடு இருந்தபோதே தண்ணீர் நின்றது என்று அர்த்தம்.

இதற்கு அளவும் உண்டு. செறிவு 2 அல்லது அதற்குக் குறைவான சாம்பல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 25 சென்ரிமீட்டருக்குள் தொடங்கி, குறைந்தது 15 சென்ரிமீட்டர் தடிப்பாக இருக்க வேண்டும். நிறம் எல்லைக்கோட்டில் இருந்தால், 5/2 என்று வைத்துக்கொள்வோம், நூற்றுக்கு இரண்டு பங்காவது தெளிவான துருப்புள்ளிகள் கூடவே தேவை. எங்கள் கட்டி இரண்டையும் தாராளமாகத் தாண்டியது.

வெயிலில் தலை காய்ந்துகொண்டிருந்தபோது மாஸ்ரர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "தம்பி, ஐம்பது வருசத்துக்கு முந்தி தண்ணி நிண்டு, பிறகு வாய்க்கால் வெட்டி வடிச்சிருந்தால்? நிறம் அழியுமோ?" அழியாது. வடித்த பின்னும் சாம்பல் நிறம் பல காலம் அப்படியே கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் துருவின் ஓரத்தைப் பார்க்கிறோம். ஓரம் புகைபோல் மங்கினால் இப்போதும் வேலை நடக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருந்தால் பழைய கதையாக இருக்கலாம். அராலித் துரு மங்கலான ஓரம்.

அணைக்கு வெளிப்புறம் பற்றி நாளை. திரும்பும் வழியில் ஒரு தேத்தண்ணிக்கடையில் வடையும் பிளேன்ரீயும். கையைக் கழுவியபிறகும் நகக்கணுவில் சாம்பல்.

புதன் – வல்லை வெளி, தொண்டைமானாறு

நேற்று அராலி அணைக்கு வெளியே பார்த்ததையே இன்று பெரிய அளவில் பார்க்கலாம் என்று வடமராட்சிக்குப் போனோம். வல்லை வெளியில் மோட்டார் சைக்கிள் காற்றுக்குச் சரிந்துதான் ஓடும். மாஸ்ரர் பின்னால் இருந்து என் தோளை இறுக்கிப் பிடித்தபடி இந்த இடத்துப் பேய்க்கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி காற்றில் போய்விட்டது.

கடனீரேரியின் ஓரம் உமரிச் செடி கோடைக்குச் சிவந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் செடியில்லாத உப்புத் தரை, அதற்கும் அப்பால் காலை வைத்தால் புதையும் சேறு. சேற்றில் மண்வெட்டியைப் போட்டு இழுத்ததும் கூழ்முட்டை நாற்றம். இந்த நாற்றம் மேலே 30 சென்ரிமீட்டருக்குள் வந்தால் அதுவே போதுமான சாட்சி, நிற அட்டையை விரிக்கவே தேவையில்லை. கடல்நீரில் சல்பேற்று நிறைய உண்டு. இரும்பும் தீர்ந்தபின் பக்டீரியா அதைப் பிடித்து ஐதரசன் சல்பைட்டு வாயுவாக்குகிறது. வாயுவும் கரைந்த இரும்பும் சந்தித்தால் கறுப்பு இரும்பு சல்பைட்டு. சேற்றின் கறுப்பு அதுதான்.

ஒரு பிடி கறுப்புச் சேற்றை உள்ளங்கையில் பரப்பி, பாமசியில் விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளி விட்டேன். நுரைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளி விழுந்த வட்டம் சாம்பலாக வெளுத்தது. மற்றப் பாதிக்குத் துளி விடாமல் காற்றில் பிடித்திருந்தோம். நேரம் செல்லச் செல்ல அதுவும் விளிம்பிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. கறுப்பு கரிமப்பொருளால் வந்திருந்தால் இப்படி மாறாது. இரண்டையும் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

கரைப்பக்கம் திரும்பி மேட்டை நோக்கித் தோண்டிக்கொண்டு போனால்தான் தலைவலி. மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணுக்கு எல்லாம் சமதரை, நடக்கும்போது சரிவே தெரியாது. உவர் ஏறிய மண்ணில் சோடியம் களியைப் பிரித்துத் துளைகளை அடைத்துவிடுகிறது. மழை பெய்தால் நீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். அதனால் சில குழிகளில் மேலே ஒரு சாண் சாம்பல், அதற்குக் கீழே காய்ந்த கபிலம், தலைகீழான அடுக்கு. கீழிருந்து ஏறிய நீரைத் தேடுகிறவர் ஆழமாகத் தோண்டி, கீழே ஈரக்குறி இல்லை என்று போய்விடுவார். எங்கே பார்க்க வேண்டுமோ அது மேல் ஒரு சாணில்தான் இருக்கிறது. தரவை எனப்படும் இந்த வெட்டவெளி முழுவதும் இப்படித்தான். எல்லை ஒரு கோடாக இல்லாமல் நூறு யார் அகலப் பட்டையாகத்தான் இருக்கிறது. படத்தில் கோடு கேட்பவர்களுக்கு இது பிடிக்காது.

சுண்ணாம்பு இருந்தால் பொங்கிக் காட்டும் ஐதரோகுளோரிக் அமிலத் துளி இங்கே வீண். எங்கே விட்டாலும் பொங்குகிறது. சிப்பி, சோகி, சுண்ணக்கல் தூள் எல்லாம் கலந்த மண்.

தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு அணைக்கட்டில் நின்றோம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் இந்த வாயும் ஒரு பகுதி. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவருவது யோசனை. முழுமையாக முடியவே இல்லை. முடிந்திருந்தால் இன்று நாங்கள் மணந்த கூழ்முட்டை நாற்றம் குறைந்திருக்கும், கரையோர மண் வேறு நிறத்தில் இருந்திருக்கும். மண்காரனுக்கு அது ஒரு சுவாரசியமான கற்பனை. பறவை பார்ப்பவர்கள் வேறுவிதமாக நினைக்கலாம்.

வியாழன்

ஆடிப்பிறப்பு. மாஸ்ரர் வீட்டில் கூழும் கொழுக்கட்டையும். மண்வெட்டி தொடவில்லை. அவருடைய அம்மா, "உந்த மண்ணைக் கிண்டுறதுக்கு மட்டக்களப்பிலை இருந்து வரவேணுமோ மோனை?" என்று கேட்டார். இரண்டாவது கோப்பைக் கூழ் வாயில் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

வெள்ளி – நகரத்தின் ஓரம்

இடத்தின் பெயர் வேண்டாம். கடனீரேரிக்குப் பக்கத்தில், நிரப்பி விற்ற காணி ஒன்று. வீட்டுக்காரர் எங்களை அழைத்தே காட்டினார். வாங்கும்போது மேட்டு நிலமாக இருந்ததாம். மாரியில் சீமெந்து நிலம் வியர்க்கிறது, மலக்குழி நிரம்பி வழிகிறது, மதிலின் அடியில் உப்புப் பூத்து சாந்து உதிர்கிறது. யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தோண்டினோம். நிரப்பிய மண்ணை அடையாளம் காண்பது சுலபம்: அடுக்கு ஒழுங்கு இருக்காது, நிறங்கள் துண்டு துண்டாகக் கலந்திருக்கும். முருகைக்கல் உடைசல், ஓட்டுத் துண்டு, கம்பி, பொலித்தீன் பை. முழங்கால் ஆழத்தில் திடீரென்று நேர்கோடு ஒன்று. அதற்கு மேலே கலவை, கீழே ஒரே சீரான மண். கோட்டில் நசுங்கிய புல்லின் தாள்கள் படுத்தபடி கிடந்தன, கறுத்துப்போய். அதுதான் பழைய தரை. அதற்குக் கீழே நாலு விரல் கருமண், பிறகு நீலம் கலந்த சாம்பல். மன்செல் அட்டையில் இதற்கென்றே தனிப் பக்கம் உண்டு. குழியின் அடியில் தண்ணீர் ஊறி வந்தது, இந்தக் கோடையிலும்.

டைபிரிடில் தாள் ஒன்றை ஈரமண்ணில் அழுத்தினேன். அது கரைந்த இரும்பைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். ஆகியது. அதாவது கீழே மண் இந்த நிமிடமும் ஒட்சிசன் இல்லாமல்தான் இருக்கிறது. அராலி வயலில் இதே தாள் நிறம் மாறவில்லை, அங்கே இப்போது மண் காய்ந்து காற்றோட்டமாகிவிட்டது. தாள் சொல்வது இன்றைய நிலை, மண்ணின் நிறம் சொல்வது பல மாரிகளின் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தாள் மாறவில்லையே, ஆகவே ஈரநிலம் இல்லை என்று கோடையில் அறிக்கை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

நிரப்பிய காணியில் எல்லை பார்க்கும்போது நிரப்பியதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, புதைந்த தரையிலிருந்துதான் அளக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப நான் களப்புக்குள்ளை வீடு கட்டியிருக்கிறன்" என்றார். மாஸ்ரர் அவருக்குச் சில நடைமுறை யோசனைகள் சொன்னார். மலக்குழிக்குப் பதிலாக அடைத்த தொட்டி, வீட்டைச் சுற்றி வடிகால். காணியைப் பற்றி ஒருவரும் பிறகு பேசவில்லை.

சனி – குளம்

விடிய ஆறு மணிக்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கிளுவைக் கம்புகளோடு வந்து நின்றார்கள். மாஸ்ரர் சிவப்புத் துணி கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டச் சொல்லியிருந்தார். நிறம் பார்க்க எட்டு மணியாவது ஆக வேண்டும் என்பதால் முதலில் நடந்து பார்த்தோம். நடுப்பள்ளத்தில் காய்ந்த தாமரைத் தண்டு, வெடித்த களி, வெறும் நத்தை ஓடுகள். மேற்கில் பிள்ளையார் கோயில் படிக்கட்டு. தெற்கில் பெரிய மருதமரம். வடக்கிலும் கிழக்கிலும் வேலிகள்.

முறை எளிது. பள்ளத்தில் ஒரு குழி, சந்தேகமே இல்லாத மேட்டில் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது. அது ஈரமண் என்றால் மேட்டுப் பக்கம் பாதித் தூரம் போக வேண்டும், இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று எட்டு இடைவெளியில் கோடு சிக்கிவிடும். ஒவ்வொரு குழியும் முழங்கை ஆழம் போதும், 50 சென்ரிமீட்டர். சாம்பல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். பள்ளத்தில் மேலேயே சாம்பல். மேடேற மேடேற அது கீழே இறங்குகிறது. 25 சென்ரிமீட்டரைத் தாண்டி இறங்கும் இடத்தில் கம்பு.

பிள்ளைகள் இதை எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி கட்டியை உடைத்து, நனைத்து, சூரியன் தோளுக்குப் பின்னால் வருமாறு திரும்பி நின்று, "5/2, புள்ளி இருக்குது சேர்" என்று கத்துவாள். இன்னொருவன் எழுதுவான். மேற்கில் கோடு கோயில் படிக்கட்டின் கீழ்ப்படிக்கு இரண்டு எட்டுக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் படிதான் தண்ணீர் தொடும் படி என்று ஐயர் முன்பே மாஸ்ரரிடம் சொல்லியிருக்கிறார். தெற்கில் மருதமரத்தின் வெளிப்புறமாகப் போனது. வடக்கில் வேலிக்கு அப்பால். பூட்டாத படலையைத் தட்டி, வீட்டுக்கார அக்காவிடம் கேட்டு உள்ளே போய், வாழைப் பாத்திக்கு நடுவில் தோண்டினோம். சாம்பலும் துருவும் ஒரு சாணிலேயே. கம்பு வேலிக்கு உள்ளே முப்பது அடியில் நின்றது. அக்கா கம்பைப் பார்த்தார், மாஸ்ரரைப் பார்த்தார். "உது சும்மா படிப்புக்குத்தானே மாஸ்ரர்?" என்றார். மாஸ்ரர், "இப்போதைக்குப் படிப்புக்குத்தான் பிள்ளை" என்றார். அந்த 'இப்போதைக்கு' எல்லோருக்கும் கேட்டது.

கிழக்கில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பக்கம் மேட்டுத் தோட்டங்களிலிருந்து செம்மண் அடித்துவந்து ஒரு சாணுக்கு மேல் மூடியிருக்கிறது. மேலே சிவப்பு, 40 சென்ரிமீட்டரில் சாம்பல். 25 என்ற அளவை அப்படியே பிடித்தால் கிழக்குக் கரை முழுக்கக் குளம் இல்லை. மண் படிந்து மூடிய பழைய தரையிலிருந்து அளந்தால் குளம்தான். செம்மண் நிறம் விடாது என்பதை அளவெட்டியில் பார்த்தோமே. நான் அங்கே நேர்கோடு போட மறுத்துவிட்டேன். பிள்ளைகளின் படத்தில் மூன்று பக்கம் தடித்த கோடு, கிழக்கில் இரண்டு புள்ளிக்கோடுகள், நடுவே பட்டை. மாஸ்ரருக்கு முதலில் ஏமாற்றம். ஆனால் சந்தேகமான பக்கத்தில் உறுதியாகக் கோடு போட்டால், யாராவது அங்கே ஒரு குழி தோண்டிக் காட்டி மற்ற மூன்று பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அதைச் சொன்னதும் தலையாட்டினார்.

கிழக்குக்கு மாரியில்தான் பதில் கிடைக்கும். பிவிசி குழாயில் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சுத் தடவி மண்ணில் இறக்கி, நாலு கிழமை விட்டு எடுப்பது ஒரு முறை. ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் பக்டீரியா பூச்சைத் தின்று குழாய் வெள்ளையாகிவிடும், எந்த ஆழத்தில் எவ்வளவு போனது என்று அளவுகோலால் அளந்துவிடலாம். மண்ணின் சொந்த நிறம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. பூச்சு ஆய்வுகூடத்தில் தயாரிக்க வேண்டியது, கடைப் பெயின்ற் சரிவராது. அதற்கு இருவர் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். குழாய் மாஸ்ரர் பொறுப்பு. இடத்துக்கு ஐந்தாக, புள்ளிக்கோட்டுப் பட்டையின் குறுக்கே இரண்டு வரிசை, ஐப்பசிக் கடைசியில் முதல் பெருமழைக்குப் பின் இறக்குவதாக ஏற்பாடு. அரை அங்குலக் குழாய் போதுமா முக்கால் அங்குலமா என்று இரவு சாப்பாட்டின்போதும் கேட்டுக்கொண்டிருந்தார். அரை அங்குலம் போதும், மாஸ்ரர்.